கோபமாக வரும் துக்கம்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு 41 வயது. சரக்குக் கிடங்கு ஒன்றில் ஷிப்ட் சூப்பர்வைசர். கொரோனா சமயத்தில் எல்லாரும் வீட்டுக்குள் இருந்தபோதும் எங்களுக்கு லீவு கிடையாது. யாருக்கு எந்த ஷிப்ட் என்று பட்டியல் போடுவது என் வேலை. யாரை வரச் சொன்னால் யாருக்குத் தொற்றுமோ என்று ஒவ்வொரு பெயரை எழுதும்போதும் கை தயங்கும். என் டீமில் ஒருவர் இறந்துபோனார். மறுநாளே அவர் பெயரை அடித்துவிட்டு இன்னொருவர் பெயரை எழுதினேன். அதைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இப்போது வேலை பழையபடி நடக்கிறது. எனக்குத்தான் சரியாகவில்லை. விடியற்காலை 3 மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமில்லை. நெஞ்சில் பாரம். இசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். பிள்ளை கையிலிருந்து டம்ளர் விழுந்தால்கூடக் கத்துகிறேன். குடியும் கூடிவிட்டது. ‘யார்கிட்டயாவது பேசுங்க’ என்கிறாள் மனைவி. மனசு சரியில்லை என்று சொன்னால் எனக்குக் கீழே இருப்பவர்கள் மதிப்பார்களா? வேலை போய்விடுமோ என்ற பயம் வேறு.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புச் சகோதரருக்கு,

ஆண்களில் பலருக்கு மனச்சோர்வு அழுகையாக வருவதில்லை. எரிச்சலாக, நெஞ்சுபாரமாக, குடியாகத்தான் வரும். அதனால்தான் வீட்டில் முன்கோபி என்கிறார்கள், ஆஸ்பத்திரியில் இதயத்தைச் சோதிக்கிறார்கள். இசிஜி நார்மல் என்பது நல்ல செய்தி. அதற்காக உங்கள் வலி பொய்யாகிவிடாது.

கொரோனாவின் முதல் ஆண்டில் மனப்பதற்றமும் மனச்சோர்வும் உலகளவில் சுமார் 25 சதவீதம் கூடியதாக 2022-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. தற்கொலையில் உயிரிழக்கும் ஆண்களின் விகிதமோ பெண்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. இதெல்லாம் தெரிந்த பிறகும் ‘ஆம்பளைன்னா தாங்கிக்கணும்’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்தப் பெயரை அடித்த இடம். கூடவே வேலை பார்த்தவர் போய்விட்டார். துக்கப்பட ஒரு நாள்கூட உங்களுக்குக் கிடைக்கவில்லை. பட்டியலை எழுதியது நீங்கள் என்பதால் அந்தச் சாவு உங்கள் தலையில் விழாது. கிடங்கு இயங்கியே ஆக வேண்டும் என்று முடிவெடுத்தது நீங்கள் இல்லை. அவரோடு பழகிய ஒருவரை அழைத்து அவரைப் பற்றிப் பேசுங்கள். எப்படி வேலை பார்ப்பார், எதற்கெல்லாம் சிரிப்பார் என்று. அழுகை வந்தால் வரட்டும்.

குடி தூக்கத்தைத் தருவதுபோல் தந்து பின்னிரவில் கலைத்துவிடும். உங்கள் 3 மணி விழிப்புக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் தினமும் அதிகமாகக் குடிப்பவர் என்றால் சட்டென்று நிறுத்தாதீர்கள், வலிப்புகூட வரலாம். மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குறையுங்கள்.

ஆபீஸில் முழுக்கதையும் சொல்ல வேண்டாம். ‘உடம்புக்கு ட்ரீட்மென்ட் எடுக்கிறேன், கொஞ்ச நாள் நைட் ஷிப்ட் வேண்டாம், பட்டியல் போட இன்னொருவரையும் சேர்த்துவிடுங்கள்’ என்று மேலாளரிடம் கேளுங்கள். அது போதும்.

இப்படியே 2 வாரம் தாண்டினாலே மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்களுக்கு எப்போதோ தாண்டிவிட்டது. மருந்தும் பேச்சுவழிச் சிகிச்சையும் நன்றாகவே பலன் தருகின்றன. இருந்து என்ன பயன் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால், அன்றைக்கே மனைவியிடம் சொல்லி அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். முதல் முறை மருத்துவரைப் பார்க்கும்போதும் அவரை அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் சொல்லத் தயங்குவதை அவர் சொல்லிவிடுவார்.