இறாலுக்கு வந்தது நமக்கும் வருமா?

கேள்வி: தொண்டி பக்கம் இறால் பண்ணையில் வேலை. குளத்து ஓரத்தில் வெள்ளை நூல் மாதிரி எச்சம் மிதக்கிறது, இஎச்பி என்கிறார்கள். இந்த மைக்ரோஸ்போரிடியா (செல்லுக்குள் வாழும், பூஞ்சைக்கு நெருங்கிய நுண்ணிய ஒட்டுண்ணி) நமக்கும் தொற்றுமா?

பதில்: இஎச்பி இறாலின் கல்லீரல்-கணையம் என்ற செரிமான உறுப்பைப் பிடிப்பது, அதற்காக நீங்கள் பயப்பட வேண்டாம். ஆனால் அதன் உறவுக்கார ஒட்டுண்ணியான என்செபாலிட்டோசூன் குனிகுலி முயல், எலி, மனிதர் வரை வரும். சுண்டெலிகளில் பார்த்தால், அதன் வித்து (விதை மாதிரி பரவும் வடிவம்) சுருட்டி வைத்த குழாயை வெளியே பாய்ச்சி செல்லுக்குள் புகுந்துவிடுகிறது, அப்புறம் எதிர்ப்பொருள் மட்டும் போதாது; இன்டர்பெரான் காமா என்ற எதிர்ப்புச் சமிக்ஞைப் புரதம் வேண்டும், சிடி8 டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் வந்து பெர்போரின் என்ற புரதத்தால் அந்தச் செல்லையே துளைத்துக் கொல்ல வேண்டும். டி செல் இல்லாத எலி செத்துப்போகிறது. நல்ல எலி பிழைக்கும், ஆனாலும் கிருமி உள்ளே பதுங்கியிருக்கலாம். அதனால் வீட்டில் எச்ஐவி உள்ளவரோ உறுப்பு மாற்றியவரோ மாதிரி எதிர்ப்பு சக்தி குறைந்தவர் இருந்தால் தண்ணீரைக் கொதிக்க வைத்தே கொடுங்கள்.