தேவிபட்டினத்து அம்மாவுக்கு: தம்பி செராமிக் படிக்கட்டும்

அம்மா, வணக்கம். பிளஸ் டூ படிக்கும் பையன் எந்நேரமும் களிமண்ணில் சாமி உருவம் செய்கிறான், இது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போட்டோக்களைப் பார்த்தேன். ஏழு தாய்த் தெய்வங்களான சப்தமாதரின் பழைய சிலைகளை அவன் நகலெடுக்கவில்லை. அவர்களில் ஒருத்தியான சாமுண்டியின் ஒட்டிய வயிற்றை மட்டும் பிடித்துக்கொண்டு, மற்றதைத் தன் போக்கில் செய்திருக்கிறான். நல்ல கை அம்மா அது.

சுட்டு நாலைந்து நாளில் சிலையின் தோள்பட்டை பெயர்ந்துவிட்டது, தனக்கு ராசியில்லை என்று அழுகிறானாமே. ராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பெயர்ந்த குழிக்குள் வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் அது சிப்பித் துணுக்கு. கடலோர மண்ணில் கலந்திருக்கும். சூளையில் சுண்ணாம்பாகிவிடும், அப்புறம் காற்றின் ஈரத்தை இழுத்து ஊதி, மேல்மண்ணைத் தள்ளிவிடும். கரையை விட்டுத் தள்ளி உள்ளே கண்மாய் மண்ணை எடுத்துக் கரைத்து, மெல்லிய சல்லடையில் வடிகட்டட்டும். உருவத்தின் உள்ளே குடைந்து, அடியில் துளை விட்டு, நன்றாகக் காய்ந்தபிறகு சுடட்டும்.

உருவம் அவனுக்கே வருகிறது. மண்ணையும் நெருப்பையும்தான் யாராவது சொல்லித்தர வேண்டும். நாட்டுச் சூளை பெரும்பாலும் ஆயிரம் டிகிரிக்குக் கீழேதான். பீங்கானுக்கு 1200க்கு மேல் வேண்டும். மேலே பளபளப்புக்குப் பூசும் கிளேஸ் கலப்பது தனிப் படிப்பு.

சிலை என்றதும் எல்லோரும் மாமல்லபுரம் அரசுக் கல்லூரியைச் சொல்வார்கள். 1957இல் தொடங்கியது. தாளமானம், அதாவது சிலையின் அளவுக் கணக்கு, கற்க அருமையான இடம். ஆனால் அங்கே கல், மரம், உலோகம், சுண்ணாம்புச் சாந்தில் செய்யும் சுதைதான் பிரதானம். தம்பிக்கு நான் சொல்வது 1850இல் தொடங்கிய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி. அங்கே செராமிக்குக்கு, அதாவது மண்ணில் செய்து சுடும் கலைக்கு, தனிப் பட்டப்படிப்பு இருக்கிறது. செய்முறை நுழைவுத் தேர்வு உண்டு, அதனால் தினமும் வரையட்டும். ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனையில் பழைய சிற்பங்கள் இருக்கின்றன, நோட்டோடு போகட்டும்.

சீக்கிரம் சம்பளம் வேண்டும் என்று அவன் அப்பா நினைத்தால், விருத்தாசலத்தில் செராமிக் டிப்ளமோ இருக்கிறது. டைல்ஸ், சானிட்டரி சாமான் கம்பெனிகளில் வேலைக்குப் போகலாம். சிலை செய்து மட்டும் பிழைக்க சில வருஷம் பிடிக்கும், அதை மறைக்க மாட்டேன். அதுவரை கோப்பை, தட்டு செய்து விற்கலாம், பள்ளியில் கற்றுத்தரலாம். படிப்பை முடித்தவன் கையில் இந்த வேலைகள் இருக்கும்.

பரீட்சை முடிந்த லீவில், அய்யனார் கோயிலுக்கு மண் குதிரை செய்யும் குயவரான வேளார் யாரிடமாவது ஒரு மாதம் விடுங்கள். சூளை அடுக்குவதை அவர் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும், மண் எப்போது காய்ந்தது என்று தொட்டே சொல்லிவிடுவான்.