முற்றத்துக்கு சிமெண்ட் போட்டபின் இரவில் ஏன் இவ்வளவு அனல்?

கேள்வி: சென்னை மேடவாக்கத்தில் தனி வீடு. போன வருடம் வேப்பமரத்தை வெட்டிவிட்டு, மேற்குப் பக்க மண் தரை முழுவதும் சிமெண்ட் போட்டோம். இந்தக் கோடையில் ராத்திரி பத்து மணிக்கும் அந்தப் பக்க அறை தகிக்கிறது. தரைதான் காரணமா? சாயங்காலம் தண்ணீர் தெளித்தால் போதுமா?

பதில்: தரையும் காரணம், மரம் போனதும் காரணம்.

மரம் இருந்தவரை வெயில் தரைக்கு வருமுன்பே இலைகள் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டன. அதில் ஒரு பங்கு, வேர் உறிஞ்சிய தண்ணீரை ஆவியாக்கச் செலவாகியிருக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். கரண்ட் கணக்கில் மூன்றில் இரண்டு யூனிட். அவ்வளவும் உங்கள் சுவரைச் சுடாமல் ஆவியோடு போய்க்கொண்டிருந்தது. இப்போது அதே வெயில் நேராகச் சிமெண்டிலும் மேற்குச் சுவரிலும் இறங்குகிறது. இரண்டும் பகலெல்லாம் சூட்டை உள்ளே இழுத்து, பொழுது சாய்ந்தபின் மெல்ல விடுகின்றன. இரவு ஒன்பது மணிக்குத் தளத்தில் வெறுங்காலை வைத்துப் பாருங்கள். அடுத்து, செடி இருக்கிற மண்ணில் வையுங்கள்.

சிமெண்டைப் பெயர்த்து வெறும் மண்ணாக விட்டால்? பாதிப் பலன்தான். காய்ந்த மண்ணும் மதியம் கொதிக்கும். கோடையில் தரிசு நிலம் பகலில் ஊரைவிடச் சூடாகத் தெரியும் செயற்கைக்கோள் படங்கள்கூட உண்டு. ஆனால் அந்தச் சூடு ஆழமாக இறங்காது, இரவில் சீக்கிரம் ஆறிவிடும். பேவர் பிளாக் இடுக்கு வழியாக மழைநீரை ஓரளவு இறக்கும், ஆனால் சூட்டில் சிமெண்டுக்கு அண்ணன் தம்பிதான்.

தண்ணீர் தெளிப்பது மதுரை மாதிரி காற்று காய்ந்திருக்கும் ஊரில் நன்றாகக் கைகொடுக்கும். சென்னையில் கடற்காற்று ஏறியபின் காற்றிலேயே ஈரம் அதிகம். தெளித்தது மெதுவாகத்தான் ஆவியாகும். அறையில் பிசுபிசுப்பு கூடும்.

அதனால் உங்களுக்கு முதலில் நிழல், அப்புறம்தான் ஈரம். இந்தக் கோடைக்கு, சுவரிலிருந்து ஓரடி இடைவெளி விட்டுப் பச்சை நிழல்வலை கட்டுங்கள். தளத்துக்கும் நிழல் விழட்டும். நிரந்தரத் தீர்வு மரம். அஸ்திவாரத்திலிருந்து பத்தடியாவது தள்ளி சிமெண்டை உடைத்து, ஒரு புங்கன் கன்று வையுங்கள். தெருவே மொட்டையாக இருந்தால் ஒரு மரத்தால் தெருக்காற்று குளிராது. உங்கள் சுவரும் தரையும் நிச்சயம் குளிரும்.

கன்றை இப்போதே நட வேண்டாம். புரட்டாசியில் குழி எடுத்து நட்டால் வடகிழக்குப் பருவமழையிலேயே வேர் பிடித்துவிடும்.