வேறு கம்பனி டாக்கோவைக் கொழுவலாமா?

கேள்வி: சம்மாந்துறையில் ஒரு நெல் ஆலையில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். உமி இழுக்கும் விசிறி கடுமையாக ஆடுகிறது, பலன்ஸ் பண்ண வேண்டும். முதலாளி கொழும்பிலிருந்து பாவித்த அதிர்வு ஆய்வுக் கருவி ஒன்றை வாங்கி வந்தார். அதோடு, தண்டு சுற்றும் வேகத்தை அளக்கும் டாக்கோமீற்றர் (டாக்கோ) வரவில்லை. அதே கம்பனியின் டாக்கோ விலை எங்களுக்குக் கட்டாது. கல்முனையில் கையில் பிடிக்கும் லேசர் டாக்கோ மலிவாகக் கிடைக்கிறது. நண்பர் ஒருவர், வேகமாக விட்டு விட்டு மின்னும் ஸ்ட்ரோப் விளக்குத் தருகிறேன் என்கிறார். எதைக் கொழுவலாம்?

பதில்: கையில் பிடிக்கும் டாக்கோவைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். அதன் திரையில் நிமிடத்துக்கு 1450 சுற்று என்று எண் விழும், அவ்வளவுதான். உங்கள் கருவி கேட்பது எண் அல்ல; தண்டு ஒரு முறை சுற்றி வரும்போது ஒரு மின் துடிப்பு. அந்தத் துடிப்பிலிருந்து அதிர்வின் உச்சம் எத்தனை பாகை தள்ளி வருகிறது என்பதை வைத்துத்தான் எடையை எங்கே பொருத்துவது என்று கணக்குப் போடுகிறது. துடிப்பை வெளியே அனுப்பும் சொக்கற் இல்லாத டாக்கோ இதற்கு உதவாது.

ஸ்ட்ரோப்பும் டாக்கோவுக்கு ஈடாகாது. தனியாக மின்னும் ஸ்ட்ரோப், தன் உள்ளிருக்கும் கடிகாரத்தைத்தான் பின்பற்றும், தண்டை அல்ல. ஸ்ட்ரோப் நிமிடத்துக்கு 1450 தரம் மின்னும்போது உறைந்து நிற்பதுபோல் தெரியும் விசிறி, 725 தரம் மின்னினாலும் அப்படியே தெரியும். கருவி ஸ்ட்ரோப்பை மின்ன வைக்கும் வசதி இருந்தால் அது வேறு கதை.

அப்படியென்றால் வாங்க வேண்டியது, தொழிற்சாலைகளில் பாவிக்கும் சாதாரண ஒளி சென்சர்; தண்டில் ஒட்டிய பளபளக்கும் நாடா கடக்கும் ஒவ்வொரு முறையும் அது ஒரு துடிப்புத் தரும். எந்தக் கம்பனியாக இருந்தாலும் பரவாயில்லை, வெளிவரும் சிக்னல்தான் முக்கியம். பல கருவிகளின் டாக்கோ உள்ளீடு 5 வோல்ற் துடிப்பை எதிர்பார்க்கிறது, கையேட்டில் பாருங்கள். பி.என்.பி. வகை சென்சர் தனக்குக் கொடுத்த 24 வோல்ற்றை அப்படியே வெளியே தள்ளும். நான் ஒரு முறை பார்க்காமல் கொழுவி உள்ளீட்டைப் பொசுக்கியிருக்கிறேன். என்.பி.என். வகையில் வெளிவரும் வயர் நிலத்தோடு (0 வோல்ற் வயரோடு) சேர்ந்து பிரிகிறது. தானாக வோல்ற் தராது. ஆகவே அந்த வயரிலிருந்து தனி 5 வோல்ற்றுக்கு 4.7 கிலோ ஓம் தடை ஒன்று போடுங்கள். சென்சருக்கு 12 கொடுத்தாலும் 24 கொடுத்தாலும் கருவிக்குப் போவது 5தான். சென்சர், கருவி, 5 வோல்ற் மூன்றின் நில வயர்களும் ஒன்றாகச் சேர வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் வராது. டாக்கோவுக்குத் தனி வழி இல்லாமல் அதிர்வு சனலில்தான் கொழுவ வேண்டுமென்றால், அந்தச் சனல் அதிர்வு சென்சருக்குக் கொடுக்கும் மின்சாரத்தை முதலில் மெனுவில் நிறுத்துங்கள்.

பில் போடும்போது மாதிரி எண்ணையும் ‘என்.பி.என்.’ என்பதையும் எழுதச் சொல்லுங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். மாறித் தந்துவிட்டுத் திருப்பி எடுக்க மறுத்தால், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

அப்புறம் பிரதிபலிக்கும் நாடா. விசிறி பெல்ட்டில் ஓடினால் மோட்டரில் ஒட்டாதீர்கள், விசிறித் தண்டில் ஒட்டுங்கள். 60 மில்லிமீற்றர் தண்டில் 2 சென்ரிமீற்றர் நாடா, 1450 சுற்றில் சென்சரைக் கடக்க 4 மில்லிசெக்கனுக்கு மேல் எடுக்கும். பெல்ட் ஓடும் 30 சென்ரிமீற்றர் விட்டக் கப்பியின் விளிம்பிலென்றால் 1 மில்லிசெக்கன்கூட இல்லை; மெதுவான சென்சர் தவறவிட்டுவிடும். திரையில் 2900 என்று வந்தால் பயப்பட வேண்டாம்: தண்டில் பளபளக்கும் சாவிப் பள்ளத்தையும் சென்சர் எண்ணுகிறது. விசிறியை நிறுத்தி, அந்த இடத்தைக் கறுப்பு மார்க்கரால் பூசிவிடுங்கள். உமித் தூசு கண்ணாடியை மூடிவிடும், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் ஒரு துணியால் துடைத்துக்கொள்ளுங்கள்.