ஒரு பழுப்புப் பூச்சிக்கு இவ்வளவு பந்தாவா?

கேள்வி: ஜூலை தொடக்கத்தில் மிச்சிகன் போகிறேன். அங்குள்ள மிட்செல் சேட்டர் என்ற சின்ன வண்ணத்துப்பூச்சியை வலையில் பிடித்து, இறக்கையை விரித்துப் படம் எடுத்துவிட்டுப் பறக்கவிட ஆசை. கூடாது என்கிறார்கள். கொல்லவா போகிறேன்? ஒரு பழுப்புப் பூச்சிக்கு இவ்வளவு பந்தாவா?

பதில்: கொல்ல மாட்டீர்கள், சரி. ஆனால் 1992 முதல் அது அமெரிக்காவின் அழியும் உயிரினப் பட்டியலில் இருக்கிறது. அந்தச் சட்டப்படி பிடிப்பது மட்டுமில்லை, துரத்துவதே குற்றம். 'பிடித்து விட்டுவிடுவேன்' என்ற வாதம் எடுபடாது.

சட்டம் கிடக்கட்டும், இறக்கையை விரித்து எதைப் பார்க்கப் போகிறீர்கள்? மேற்பக்கம் வெறும் பழுப்பு, ஒரு புள்ளிகூடக் கிடையாது. அழகெல்லாம் அடிப்பக்கத்தில்: மஞ்சள் வளையமிட்ட கறுப்புக் கண்புள்ளிகள் வரிசையாக, ஓரத்தையொட்டி ஆரஞ்சுக் கோடுகள். பெரும்பாலும் இறக்கையை மூடிக்கொண்டுதான் உட்காரும். நீங்கள் சும்மா நின்றாலே அதுவாகக் காட்டிவிடும். கிட்டத்திலும் தெளிவாகத் தெரியும் பைனாகுலர் ஒன்று போதும்.

போகும் நேரம் சரிதான். வருடத்துக்கு ஒரே தலைமுறை. ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடுவரை பறக்கும், அப்புறம் அடுத்த வருடம்தான். நிலத்தடி நீர் ஊறி நிற்கும் சுண்ணாம்புச் சதுப்புகளே அதன் இடம். பூக்களில் தேடி ஏமாறாதீர்கள், அது தேன் குடிக்க வருவது அபூர்வம். கோரைக்கு நடுவே, தாழ்வாக, துள்ளித் துள்ளி மெதுவாகப் போவதைப் பாருங்கள். அதே சதுப்பில் இன்னொரு பழுப்பு இனமும் கண்புள்ளிகளோடு திரியும். அது கொஞ்சம் பெரியது, ஆரஞ்சுக் கோடு இருக்காது. இந்த வித்தியாசம் பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

உண்மையில் வலையைவிட உங்கள் செருப்புதான் எனக்குக் கவலை. முட்டையிடுவது தரையை ஒட்டிய சின்னச் செடிகளில். புழு தின்பது கோரை. வலையோடு நாலு எட்டு துரத்தினால் அடுத்த வருடத்துப் பூச்சியை இப்போதே மிதித்துவிடுவீர்கள். பலகை நடைபாதை போட்ட இடத்துக்குப் போங்கள், அதைவிட்டு இறங்காதீர்கள்.

படம் நன்றாக வந்தால் தாராளமாகப் போடுங்கள். எந்தச் சதுப்பு என்று மட்டும் எழுத வேண்டாம். உங்களைப் போல வலையோடு காத்திருப்பவர்கள் உண்டு; எல்லாரும் எனக்குக் கடிதம் போட்டு அனுமதி கேட்க மாட்டார்கள்.