வாசகர் கேள்வி – பதில்: விழா முடிந்த பிறகு

கேள்வி: பல இனத்தார் சேர்ந்து வாழும் குடியிருப்பு எங்களுடையது. ஆண்டுதோறும் இன நல்லிணக்க விழா நடத்துகிறோம். மேடையில் எல்லா இனத்தாரின் ஆடல் பாடலும் இடம்பெறுகின்றன. ஆனால் விழா முடிந்ததும் அவரவர் தம்மவரோடு மட்டும் நின்று பேசிவிட்டுக் கலைந்துவிடுகிறார்கள். நாங்கள் எதைச் செய்யத் தவறுகிறோம்?

பதில்: உங்கள் உழைப்பு வீண் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் விழா மக்களை அருகருகே உட்கார வைக்குமே தவிர, ஒருவருக்கு மற்றவர் தேவைப்படும்படி செய்யாது. மேடையில் ஆடியவரைக் கைதட்டிப் பாராட்டிவிட்டு, அவர் பெயரைக்கூடக் கேட்காமல் வீடு திரும்பிவிட முடியும்.

அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் இதைப் பற்றி 1954இலேயே எழுதினார். வெவ்வேறு இனத்தார் ஒருவரோடொருவர் பழகுவது தப்பெண்ணத்தைக் குறைக்க வேண்டுமானால், பழகுபவர்கள் அந்த இடத்திலாவது சமமானவர்களாக இருக்க வேண்டும். பொது இலக்கு ஒன்று இருந்து, அதற்காக அவர்கள் கூடி உழைக்க வேண்டும். பொறுப்பிலிருப்பவர்களின் ஆதரவும் வேண்டும் என்பது அவர் கருத்து. 2006இல் பெட்டிகுரூ, டிராப் ஆகிய இருவர் 500க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறுமனே பழகுவதேகூடப் பெரும்பாலும் தப்பெண்ணத்தைக் குறைக்கிறது என்பதும், இந்த நிலைமைகள் அமைந்த இடத்தில் பலன் கூடுகிறது என்பதும் தெரியவந்தன.

1971இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில், அதுவரை பிரிந்து படித்த வெள்ளை, கறுப்பின, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்டுச் சச்சரவுகள் மூண்டன. அப்போது எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் தம் மாணவர்களுடன் சேர்ந்து ஒரு வழி கண்டார். பாடத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து, குழுவிலுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பகுதியை மட்டும் கொடுத்தார்கள். தேர்வோ முழுப் பாடத்திலிருந்தும் வரும். மொழி தடுமாறித் திணறிய சிறுவனை முதலில் கேலி செய்த பிள்ளைகள், அந்தப் பகுதி அவன் வாயிலிருந்து வந்தால்தான் உண்டு என்பது புரிந்ததும், அவன் சொல்லத் தெரியாமல் நிற்கும் இடத்தில் பொறுமையாகக் கேள்வி கேட்டு விவரத்தைப் பெறக் கற்றுக்கொண்டார்கள். நல்லிணக்கம் பற்றி அவர்களிடம் யாரும் உரை நிகழ்த்தியதில்லை என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது.

ஆகவே விழாவைக் கைவிட வேண்டாம். அதன் ஏற்பாட்டை மாற்றுங்கள். ஓர் இனத்தார் பாட்டு, இன்னோர் இனத்தார் சமையல் என்று பிரிக்காமல், ஒவ்வொரு வேலைக்கும் வெவ்வேறு இனத்தாரை ஒன்றாக நியமியுங்கள். யார் ஒலிவாங்கியைப் பிடிக்கிறார்கள், யார் நாற்காலிகளை அடுக்குகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். ஆண்டுதோறும் ஒரே இனத்தார் தலைமையேற்று, இன்னோர் இனத்தார் நாற்காலி அடுக்கும் இடத்தில் சமநிலை என்ற பேச்சுக்கே இடமில்லை.

கேள்வி: பிற இனத்தாரின் பழக்கவழக்கங்களைப் பற்றி எனக்குப் பல ஐயங்கள் உண்டு. கேட்டால் மனம் புண்படுமோ என்று அஞ்சுகிறேன். கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், ஆனால் இடமறிந்து கேளுங்கள். 2000ஆம் ஆண்டில் டென்மார்க்கில் ‘மனித நூலகம்’ தொடங்கப்பட்டது. தப்பெண்ணத்துக்கு ஆளாகும் மனிதர்கள் தாமாக முன்வந்து அங்கே ‘புத்தகம்’ ஆகிறார்கள். நாம் எதிரே அமர்ந்து, வெளியில் கேட்கத் தயங்கும் கேள்விகளை அவர்களிடம் கேட்கலாம். விருப்பத்துடன் வந்திருப்பவரிடம் கேட்பதும், பணியிடத்தில் பலர் நடுவே ஒருவரை நிறுத்தி அவருடைய இனம் முழுமைக்கும் விளக்கம் சொல்ல வைப்பதும் ஒன்றல்ல. தனிமையில், ‘உங்கள் வீட்டில் இதை எப்படிச் செய்வீர்கள்?’ என்று தொடங்குங்கள். அவர் பேச்சை மாற்றினால், அன்றைக்கு அத்துடன் விட்டுவிடுங்கள்.