கேளுங்கள் அக்காவிடம்: பிள்ளை தூங்கும்போது படிக்காதீர்கள்!

கேள்வி: அக்கா, எம்.எஸ்சி. கணிதம், கடைசி செமஸ்டர். டிசம்பரில் பெண் குழந்தை பிறந்தது, அம்மா வீட்டில் இருக்கிறேன். 28 நாள் கல்லூரிக்குப் போகவில்லை. பாப்பா தூங்கும்போது நோட்டைத் திறந்தால் இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் எழுந்துவிடுகிறாள். மாமியார் ‘அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்’ என்கிறார். விட்டுவிடட்டுமா?
(பெயர் வேண்டாம், தேனி மாவட்டம்)

பதில்: வேண்டாம் தங்கச்சி. முதலில் கணக்கைப் பார்ப்போம். செமஸ்டருக்கு 90 வேலைநாள் என்றால், தேர்வு எழுதக் கேட்கிற 75 சதவீத வருகைக்கு 68 நாள் வேண்டும். நாளையிலிருந்து ஒருநாள் விடாமல் போனாலும் உங்களுக்கு 62 தான் தேறும். பல கல்லூரிகளில் 65 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மருத்துவச் சான்றும், வருகைக் குறைவை மன்னிப்பதற்கான ‘கண்டொனேஷன்’ கட்டணமும் வாங்கிக்கொண்டு தேர்வு எழுத விடுகிறார்கள். அதற்கு 59 நாள். ஆக, கையில் மிச்சம் 3 நாள் லீவு, அவ்வளவுதான். உங்கள் கல்லூரியில் எல்லை எத்தனை என்று ஹேண்ட்புக்கில் பார்த்துவிடுங்கள், ஊருக்கு ஊர் மாறும்.

அந்த மூன்று நாளை மட்டும் நம்பி உட்கார வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் கடிதம் அனுப்பியது: இளநிலை, முதுநிலை மாணவிகளுக்கும் மகப்பேறு விடுப்பு, வருகைப்பதிவில் தளர்வு, தேர்வு விண்ணப்பத் தேதியில் நீட்டிப்பு என்று விதி வகுத்துக்கொள்ளுங்கள் என்று. மீரட்டில் எம்.எட். படித்த ஒரு பெண்ணுக்குத் தளர்வு மறுக்கப்பட்டபோது, 2023-ல் டெல்லி உயர்நீதிமன்றம் அந்த மறுப்பை ரத்து செய்தது. போன அன்றே இதையெல்லாம் எடுத்து வீசி வழக்குப் பேசாதீர்கள். பிறப்புச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி நகல்களோடு எச்.ஓ.டி.யிடம் எழுத்தில் ஒரு விண்ணப்பம் கொடுத்து, இன்னொரு பிரதியில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் ‘பார்த்துக்கலாம்மா’ என்று சொன்னவர், ஷார்ட்டேஜ் பட்டியல் நோட்டீஸ் போர்டில் ஏறுகிற அன்று லீவில் இருப்பார்.

சரி, படிப்பு. பாப்பா தூங்கும்போது நீங்களும் தூங்குங்கள். இரண்டு மாதப் பிள்ளை எத்தனை நிமிஷம் தூங்கும் என்பது அதற்கே தெரியாது, அதை நம்பி ரியல் அனாலிசிஸில் ஒரு நிரூபணத்தை ஆரம்பித்தால் காது தூளிப் பக்கமே கிடக்கும். படிக்கிற நேரம் என்பது வேறொருவர் பிள்ளையை வைத்திருக்கிற நேரம். அம்மாவிடம் ‘கொஞ்சம் பார்த்துக்கோ’ என்று இழுக்காமல், ‘ஆறிலிருந்து ஏழரை வரை பாப்பா உன் பொறுப்பு, பசிக்கு அழுதால் மட்டும் கூப்பிடு’ என்று மணி சொல்லிக் கேளுங்கள். அப்புறம் அந்த அறையில் உட்காராதீர்கள். மொட்டை மாடி, பக்கத்து வீட்டுத் திண்ணை, எங்கேயாவது போய்விடுங்கள்.

1994-ல் நான் எம்.ஃபில். ஆய்வேடு எழுதியபோது என் மகனுக்கு நாலு மாதம். உத்தரத்தில் பழைய சுங்குடிச் சேலைத் தூளி, தூளிக் கயிறு என் கால் கட்டைவிரலில், மடியில் குறிப்பு அட்டைகள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஒரு வரி மண்டையில் ஏறாது. ஒருநாள் டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டிலிருந்து வந்த மூன்றாம் இயலைத் தூளிக்குக் கீழே பரப்பிப் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன், மகராசன் மேலேயிருந்து பெய்துவிட்டான். 22 பக்கம்! கார்பன் காப்பி இருந்ததால் பிழைத்தேன். மறுநாள்தான் நாத்தனாரிடம் வாய் திறந்து தினமும் இரண்டு மணி நேரம் கேட்டேன். ‘இதை அப்பவே கேட்டிருக்கலாமே மதினி’ என்றாள்.

இன்னொன்று. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசி புதன்கிழமை. பத்தாவது வாரத்திலும் பதினான்காவது வாரத்திலும் ஊசி இருக்கிறது, அன்று ராத்திரி காய்ச்சல் வந்தால் வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது. ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள், அந்த வியாழக்கிழமை செமினார் இருந்தால் அதைத் தள்ளிக் கேளுங்கள். மிச்சமிருக்கும் லீவும் அந்த வியாழன்களுக்குத்தான்.

மாமியாரிடம் வாதாட வேண்டாம். அடுத்த வருஷம் பாப்பா நடக்க ஆரம்பித்திருப்பாள் என்று மட்டும் சொல்லுங்கள். பிள்ளை வளர்த்தவர், புரிந்துகொள்வார். ஆனால், தூங்க நேரம் கிடைத்தும் தூக்கம் வராமல், காரணமே இல்லாமல் அழுகையும் வெறுப்புமாக இரண்டு வாரத்துக்கு மேல் போனால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கும் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

கேள்வி: பி.எட். வகுப்பு காலை 9 முதல் மாலை 4 வரை. மகனுக்கு மூன்று மாதம். பீச்சி வைத்த பால் ஆகாது என்கிறார் பாட்டி. பவுடர் பாலுக்கு மாறிவிடட்டுமா?
(வாசகி, பண்ருட்டி)

பதில்: பாட்டி காலத்தில் ஃபிரிட்ஜ் இல்லை, அந்தப் பயம் நியாயம்தான். பீச்சிய பால் ஃபிரிட்ஜில் நான்கு நாள் வரை இருக்கும். வெளியே நான்கு மணி நேரம் என்பார்கள், அது 25 டிகிரிக்குச் சொன்னது, பண்ருட்டி வெயிலுக்கு இல்லை. அதனால் பீச்சியவுடன் உள்ளே வைத்துவிடுங்கள், கதவுத் தட்டில் வேண்டாம். கொடுக்கும்போது காய்ச்சக் கூடாது, கிண்ணத்தோடு வெந்நீரில் வைத்தால் போதும். பாட்டியைப் பாலாடையில் புகட்டச் சொல்லுங்கள், கழுவுவது சுலபம், அவருக்கும் கை பழகியிருக்கும். கல்லூரியில் மதியம் ஒரு முறையாவது பீச்சிவிட வேண்டும், இல்லையென்றால் பால் கட்டிக்கொண்டு கடைசி பீரியடில் உயிர் போகும். அதற்கு ஓர் அறை கேளுங்கள். 2015-லிருந்து பஸ் ஸ்டாண்டிலேயே தாய்மார்கள் பாலூட்டும் அறை வைத்திருக்கிற மாநிலத்தில் ஒரு கல்லூரியால் தாழ்ப்பாள் போட்ட அறை தர முடியாதா என்ன?

கேள்வி: பிஎச்.டி. மாணவி. பிரசவத்துக்கு நீண்ட விடுப்பு எடுத்தால் பதிவு போய்விடுமா?
(வாசகி, கோவை)

பதில்: போகாது. யுஜிசியின் 2022 விதிப்படி ஆய்வுக் காலம் முழுவதற்குமாக 240 நாள் வரை மகப்பேறு விடுப்போ குழந்தைப் பராமரிப்பு விடுப்போ தரலாம். ஆய்வுக் காலம் ஆறு வருஷம், மறுபதிவில் இரண்டு, பெண்களுக்கு மேற்கொண்டு இரண்டு, ஆகப் பத்து. ஆனால் எழுதிக் கொடுத்தால்தான் அது விடுப்பு, சும்மா போகாமல் இருந்தால் ஆப்சென்ட்.

கேள்வி: மனைவி படிக்கிறாள், எனக்கு நைட் ஷிஃப்ட். முடிந்த ஹெல்ப் செய்கிறேன், அப்படியும் சண்டை வருகிறதே?
(வாசகர், ஓசூர்)

பதில்: அந்த ‘ஹெல்ப்’ என்ற சொல்லில்தான் சண்டை இருக்கிறது, தம்பி. உங்கள் பிள்ளைக்கு நீங்கள் என்ன ஹெல்ப்பர்? ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்கி எழுந்தபிறகு மூன்றிலிருந்து ஐந்து வரை பிள்ளை உங்களிடம் என்று முடிவு செய்யுங்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் மாற்றுத் துணி எங்கே, சொட்டு மருந்து எங்கே என்று லைப்ரரியில் உட்கார்ந்திருப்பவளுக்கு ஃபோன் போடாதீர்கள்.